புத்தகத்துக்கு வரைந்த படம் ஸ்கூல் பேக்கில்: மிகுதிப் பணம் யாரிடம் கேட்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி பிரீலான்ஸாக டிசைனும் சித்திரமும் செய்கிறேன். ஒரு பதிப்பகத்தின் சிறுவர் கதைப் புத்தகத்துக்கு 24 படங்கள் வரைந்து கொடுத்தேன். ஒப்பந்தம் எழுதவில்லை, பேசியதெல்லாம் வட்ஸ்அப்பில்தான். முற்பணம் தந்தார்கள். வேலை முடித்துக் கொடுத்து எட்டு மாதமாகிறது, மிகுதி 185,000 ரூபாய் இன்னும் வரவில்லை. இப்போது ஒரு பிஸ்கட் கொம்பனியோடு சேர்ந்து என் படமொன்றை ஸ்கூல் பேக்கில் அச்சடித்து விற்கிறார்கள். காலிமுகத்திடலில் பட்டம் விடும் பையனின் படம் அது. பட்டத்தை அழித்துவிட்டு அவன் கையில் பிஸ்கட் பக்கெட்டை வைத்திருக்கிறார்கள். புத்தகத்திலும் என் பெயர் இல்லை. தொடக்கத்தில், "படங்கள் இந்தப் புத்தகத்துக்கு மட்டும்தானே?" என்று கேட்டேன். "ஓம்" என்று பதில் வந்தது. தொழில் திணைக்களத்தில் முறையிடலாமா?

பதில்: சகோதரி, உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விட அவசரமானது பணம். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மூல ஒப்பந்தம் என்றால் வழக்குப் போட ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தம் என்றால் மூன்று வருடம். ஆனால் செய்து கொடுத்த வேலைக்கான கூலிக்கு அதன் 8ஆம் பிரிவு ஒரே ஒரு வருடம்தான் தருகிறது. உங்களுடையது வெறும் கூலி அல்ல, ஒப்பந்தப் பணம் என்று நாங்கள் வாதாடலாம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியோ ஒரு வருடம் கடந்துவிட்டது என்றுதான் முதலில் எழும்பிச் சொல்வார். அந்த வாதத்துக்கே இடம் வைக்காதீர்கள். பணம் தரவேண்டியிருந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு இப்போதே தொடங்குங்கள். "அடுத்த மாதம் போட்டுவிடுகிறோம்" என்று போனில் சொல்வது அந்தக் கணக்கை நிறுத்தாது. கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அல்லது கடனில் ஒரு பகுதியைக் கட்டினால்தான் காலம் புதிதாக ஓடத் தொடங்கும்.

தொழில் திணைக்களம் உங்களுக்கு உதவாது. அது ஊழியர்களுக்கான இடம். நேரக் கட்டுப்பாடோ ஊழியர் சேமலாப நிதியோ இல்லாமல், வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்தவர் சட்டத்தின் பார்வையில் சுயாதீன ஒப்பந்தக்காரர்.

ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இதைச் சும்மா சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். வியாபார விஷயத்தில் ஒருவர் இன்னது நடந்தது என்று கடிதம் எழுதினால், அதை ஏற்காதவர் மறுத்துப் பதில் எழுத வேண்டும் என்பது சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கிலிருந்து எங்கள் நீதிமன்றங்கள் பின்பற்றிவரும் நிலைப்பாடு. பதிலே வராவிட்டால் அந்த மௌனமும் உங்களுக்குச் சாதகமாகப் பேசும். அப்புறம் மத்தியஸ்த சபை. உங்கள் தொகை அளவுக்கான பணப் பிணக்கை அங்கே கொண்டுபோகாமல் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அங்கே சட்டத்தரணிகள் ஆஜராவதில்லை, நீங்களே பேசலாம். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் வழக்கு. மாதங்களைத் தின்னும் வேலை இது. அவசரம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனிப் பேக் விஷயம். இங்கே உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலானோர் அறியாத ஒன்று இருக்கிறது. வரைந்தவருக்கே எல்லா உரிமையும் என்று நினைத்திருப்பீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொதுவாக அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 14ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு: இன்னொருவர் கேட்டுச் செய்வித்த படைப்பு என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, பொருளாதார உரிமை, அதாவது படைப்பை அச்சிட்டு விற்றுப் பணமாக்கும் உரிமை, செய்வித்தவருக்கே. பிரீலான்ஸ் சித்திரக்காரருக்கு இது கடுமையான விதி, நியாயமற்றது என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் சட்டம் அதுதான்.

ஆகவே உங்கள் வழக்கே அந்த "ஓம்" என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. புத்தகத்துக்கு மட்டும் என்று நீங்கள் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டதுதான் "வேறுவிதமான" உடன்பாடு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி, செய்தி போனில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிட முடியாது. அனுப்பிய இலக்கம், திகதி, முன்பின் உரையாடல் எல்லாம் தெரியும்படி முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஸ்கிறீன்ஷொட் மட்டும் போதாது. அந்தப் போனை மாற்றவோ ரீசெட் பண்ணவோ வேண்டாம்.

பெயர் உங்களுடைய வேறொரு உரிமை. பொருளாதார உரிமை கைமாறினாலும் புலமைச் சொத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தரும் ஒழுக்க உரிமைகள் படைப்பாளியிடமே இருக்கும். புத்தகத்தில் பெயர் போடச் சொல்லிக் கேட்கலாம். படத்தைச் சிதைத்ததை எதிர்க்கவும் முடியும், ஆனால் உங்கள் மதிப்புக்கோ பெயருக்கோ அது பங்கம் விளைவிக்கிறது என்று காட்ட வேண்டும். நிறத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தால் நான் தயங்கியிருப்பேன். குழந்தைக் கதையின் பையனை விளம்பரக்காரனாக்கியது வலுவான முறைப்பாடு. இதற்கு இடம் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம், செலவு கூடிய இடம். அதனால் பேக் பாவனைக்கான கட்டணத்தையும் பெயர் போடுவதையும் அதே கோரிக்கைக் கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள். பல விஷயங்கள் கடிதத்தோடேயே தீர்ந்துவிடுவதைப் பார்க்கிறேன். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரியுங்கள்.

அடுத்த வேலைக்கு, முதல் ஸ்கெட்ச் அனுப்பும் முன்பே இந்த வரிகளை அனுப்பி, "சம்மதம்" என்று எழுத்தில் வாங்குங்கள்: "பதிப்புரிமை என்னுடையது. முழுப் பணமும் கிடைத்த பிறகு, இந்தப் புத்தகத்துக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி. வேறு பாவனைக்குத் தனிக் கட்டணம். படத்தின் அருகிலோ உள்பக்கத்திலோ என் பெயர் வர வேண்டும்." நிராகரிக்கப்பட்ட மாதிரிகள் யாருக்கு என்பதையும் சேருங்கள். லேயர் உள்ள மூலக் கோப்பைப் பணம் வரும்வரை கொடுக்காதீர்கள்.

கோபத்தில் பேஸ்புக்கில் அவர்களின் பெயரைப் போட்டு எழுதவும் வேண்டாம். அவதூறு வழக்கு ஒன்று உங்கள் பக்கம் திரும்பினால், இப்போது உங்களிடம் இருக்கும் பலம் பாதியாகிவிடும். அதற்குப் பதில் கடைக்குப் போய் அந்தப் பேக்கில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, பில்லோடு பத்திரப்படுத்துங்கள்.