லோடுமேனும் டிரைவரும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

திருநெல்வேலி பேட்டையில் ஒரு பார்சல் ஷெட்டில் 14 வருடம் லோடு ஏற்றினேன். அப்புறம் லைசென்ஸ் எடுத்து 9 வருடம் வண்டி ஓட்டினேன். இப்போது இன்னொரு ஷெட்டில் லோடு மேஸ்திரி. இரண்டு பக்கத்துக் கோபமும் பட்டுத் தெரியும் என்பதால், லோடுமேன், டிரைவர் உறவைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பின்கதவைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். வழியில் சரிந்த சரக்கு கதவில்தான் சாய்ந்து நிற்கும். கொக்கியை எடுத்ததும் கதவோடு சேர்ந்து வரும். ஓரமாக நின்று, ஒரு கதவை மட்டும் ஒரு சாண் திறந்து பார்த்துவிட்டு மற்றதைத் திறங்கள். என் இடது தோள்பட்டை இறங்கியது ஒரு துணிப் பண்டலால். கதவைத் திறந்தவன் நான், அதற்கு நேராக நின்றவனும் நான்.

பாளையங்கோட்டை, குட்டியானை டிரைவர்: அண்ணாச்சி, தினமும் முதல் கடைக்கான பெட்டி உள்ளே கடைசியில் கிடக்கிறது. அதை எடுக்க எல்லாவற்றையும் ரோட்டில் இறக்க வேண்டியிருக்கிறது. லோடுமேன்கள் வேண்டுமென்றே செய்கிறார்களா?

தம்பி, வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். லைன் வண்டி, அதாவது வெளியூர்ச் சரக்கு லாரி, விடியற்காலை நாலு, நாலரைக்கு வந்து பிளாட்பாரத்தில் பின்புறத்தை ஒட்டுகிறது. சரக்கு இறங்குகிற வரிசை சென்னையில் ஏற்றியவர் கையில் இருந்தது. உங்கள் வண்டிக்குரிய முப்பது, நாற்பது உருப்படியும் ஒன்றாக வராது. முதலில் கைக்கு வந்தது முதலில் உள்ளே போகிறது. நீங்கள் டவுனில் தொடங்கி, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி ஜங்ஷன், சுலோசனா முதலியார் பாலம் தாண்டி வண்ணாரப்பேட்டை, பாளை, கே.டி.சி. நகர் என்று போவது உங்கள் மனதில் இருக்கிற வரிசை. வாயால் சொல்லாமல் அது அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் இறங்குவது முதலில் ஏற வேண்டும். கே.டி.சி. நகர் சரக்கு கேபினை ஒட்டி, டவுன் சரக்கு கதவோரம். இதைச் செய்ய, ஏற்றத் தொடங்கும் முன்பே சரக்கைத் தரையில் ஏரியா வாரியாகப் பிரித்து வைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

எங்கள் ஷெட்டில் ஒரு பெரியவர் இருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஒரு டிரைவர் தினமும் அவரிடம், “பேரு போட்டிருக்குல்லா, பார்க்க மாட்டீரா?” என்று கத்துவார். பெரியவர் பதில் பேச மாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். நான் அந்த டிரைவர் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தேன். டவுனுக்கு வட்டம், ஜங்ஷனுக்கு ஒரு கோடு, பாளைக்குப் பெருக்கல் குறி. பெட்டியின் மேல்பக்கத்தில் போடாதே, அடுக்கிய பிறகு தெரியாது, பக்கவாட்டில் போடு என்றேன். மூன்றாம் நாள் பெரியவர் தாமாகவே பெருக்கல் குறியை எல்லாம் கேபின் பக்கம் அடுக்கி, வட்டத்தைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கத்தலும் அன்றோடு நின்றது.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் கடைச் சரக்கே எண்ணெய் டின், மோட்டார் என்று கனமாக இருந்தால் அதைக் கதவோரம் வைக்கக் கூடாது. குட்டியானை முக்கால் டன் வண்டி. வால் கனத்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி விட்டுப்போகும். கனத்தைப் பின் அச்சுக்கு முன்னால், தரையோடு, ஒரு பக்கச் சுவரை ஒட்டி வைத்து, எடுக்க வழி விட்டு மற்றதை அடுக்கச் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில், லோடுமேன்: லைன் வண்டி டிரைவர் வந்ததும் கேபினில் படுத்துவிடுகிறார். ஏற்றி முடித்த பிறகு எழுந்து வந்து, “என்னவே இப்படி ஏத்தியிருக்கீரு” என்று பிரிக்கச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்ய?

அவர் தூங்கட்டும். ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஓட்டியவர், இன்றைக்கும் ஓட்டப் போகிறவர். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதியது. ரோட்டில் அது எவ்வளவு நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஷெட்டில் கிடைக்கிற தூக்கம்தான் பலருக்கு ஒரே தூக்கம்.

ஆனால் படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் கதவண்டை நின்று எந்த ஊர் முதலில், எது உடையும், எது நனையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போகட்டும். கதவைச் சாத்தும் முன் ஐந்து நிமிடம் வந்து பார்க்கட்டும். நடுவில் சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் அவரைத் தட்டி எழுப்பாதீர்கள்.

வள்ளியூர், லாரி டிரைவர்: அண்ணாச்சி, அந்தப் பத்து நிமிடத்துக்கு எனக்கு யார் படி தருகிறார்கள்? ஏற்றுவது அவர் வேலை, ஓட்டுவது என் வேலை.

லோடு சரிந்தால் ஏற்றியவர் மேல் சரியாது தம்பி. கயத்தாறு பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்து பிரேக் போட்டீர்களானால் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் வந்து இடிக்கும். அந்தப் பத்து நிமிடம் உங்களுக்காகத்தான்.

சங்கரன்கோவில், லோடுமேன்: எங்களுக்கு உருப்படிக் கணக்கில் கூலி. ஒரு தடவை ஏற்றினாலும் அதே காசு, பிரித்து மறுபடி ஏற்றினாலும் அதே காசு. அதையும் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியதுதான், சண்டையின் வேரே இதுதான். டிரைவருக்கு நேரம் போகிறது, லோடுமேனுக்குக் கூலி போகிறது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்கிறார்கள். எங்கள் ஷெட்டில் நான் பேசி வைத்த ஏற்பாடு இது: டிரைவர் முதலிலேயே வரிசை சொல்லி, லோடுமேன் கேட்காமல் ஏற்றியிருந்தால், சும்மா பிரித்து ஏற்ற வேண்டும். டிரைவர் சொல்லாமல் படுத்திருந்துவிட்டு அப்புறம் பிரிக்கச் சொன்னால், அந்தத் தடவைக்கு ஆபீஸ் கணக்கில் பாதிக் கூலி. முதலாளியை ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு நாலு மாதம் ஆனது. பாதிக் கூலி இரண்டு வாரம் எழுதிக் காட்டியதும் முதலாளியே டிரைவர்களிடம் வரிசை சொல்லச் சொல்லிவிட்டார்.

தென்காசி, கடைக்காரர்: டிரைவரும் கூட நின்று பத்துப் பெட்டி தூக்கிக் கொடுத்தால் குறைந்தா போவார்?

வள்ளியூர், லாரி டிரைவர்: தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால் புளியரை எஸ் வளைவில் வண்டியைத் திருப்ப யார் வருவார்கள்? நீங்கள் வருவீர்களா?

இதில் நான் வள்ளியூர்த் தம்பி பக்கம். லைன் வண்டி டிரைவர் மூட்டை தொடக் கூடாது. களைத்த கையோடு மலைப்பாதை ஏறுவது ஆபத்து. இன்னொன்றும் உண்டு. நான் ஓட்டத் தொடங்கிய புதிதில், பழைய பழக்கத்தில் சும்மாடு கட்டிக்கொண்டு ஒரு ஷெட்டில் எட்டு மூட்டை தூக்கினேன். அங்கிருந்த லோடுமேன் ஒருவர் என் கையைப் பிடித்து, “எய்யா, எங்க கூலில கை வைக்காதீங்க” என்றார். உதவி என்று நான் நினைத்தது அவர் வீட்டுக் காசு. உள்ளூர் டெலிவரியில் தனியாகப் போகிற குட்டியானைக்காரர் கதை வேறு, அவர் தூக்கித்தான் ஆக வேண்டும். லைன் வண்டிக்கு அது பொருந்தாது.

வள்ளியூர், லாரி டிரைவர்: சரி அண்ணாச்சி, முன்னால் ஐந்து நிமிடம் நிற்கிறேன். ஆனால் நான் பார்க்க வரும்போது லோடுமேனும் இருக்க வேண்டும். கடைசி மூட்டை உள்ளே போனதும் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இது நியாயமான குறை. என் ஆட்களிடமும் இதையே சொல்கிறேன்: கதவைச் சாத்திக் கொக்கி போட்ட பிறகுதான் டீ. சங்கரன்கோவில் தம்பியும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

களக்காடு, டிரைவர்: என் வண்டியிலும் முதல் கடைச் சரக்கு உள்ளே போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டைத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஆலங்குளம், டிரைவர்: முதலாளி இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்கிறார். லோடுமேனும் ஏற்றிவிடுகிறார். மாட்டினால் யார் பொறுப்பு?

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகபாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டியவரையும் பிடிக்கும், ஓட்ட வைத்தவரையும் பிடிக்கும். கூடுதல் சரக்கை அங்கேயே இறக்காமல் வண்டியை நகர்த்த விட மாட்டார்கள், இறக்குக்கூலியும் நம் தலையில்தான். பாரம் கூடியது முதலில் தெரிவது லோடுமேனுக்கு. வளைந்து நிற்கிற ஸ்பிரிங் பட்டை நேராகிவிட்டதை அவர் கீழே நின்று பார்க்கிறார். என் ஆட்கள் பட்டை நிமிர்ந்தால் கையை நிறுத்திவிட்டு டிரைவரைக் கூப்பிடுவார்கள். உங்கள் லோடுமேனிடம் அப்படி ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்.

பாவூர்சத்திரம், காய்கறி வண்டி டிரைவர்: ஆரியங்காவு தாண்டிப் போனால் நம் ஆள் இறக்கினாலும், நின்று பார்த்ததற்கே கூலி கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். நோக்குகூலி என்று அவர்கள் சொல்லும் அந்தப் பழக்கத்தை 2018 மே 1 முதல் கேரள அரசே ஒழித்தது. ஆனால் அங்கே சுமட்டுத் தொழிலாளருக்கு, அதாவது சுமை தூக்குபவர்களுக்கு, 1978-ஆம் ஆண்டுச் சட்டம் என்று தனிச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்றவர்கள் இறக்கினால் அந்த ஊரில் நிர்ணயித்த கூலியைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். எல்லோரையும் ஒரே மாதிரி பேசாதீர்கள். கொட்டுகிற மழையில் புனலூரில் என் சரக்கு நனையாமல் இறக்கிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

டவுன், பார்சல் புக்கிங் ஊழியர்: அல்வா பார்சல் அடிக்கடி கெட்டுப்போய் வருகிறது என்று புகார். டிரைவர் லோடுமேனைச் சொல்கிறார், லோடுமேன் டிரைவரைச் சொல்கிறார்.

தங்கச்சி, நல்ல கேள்வி. அல்வாப் பெட்டி மேல் கனம் ஏறினால் நசுங்கி நெய் கசியும், கசிந்த நெய் அடுத்தவர் துணிப் பண்டலில் இறங்கும். அது லோடுமேன் தவறு. வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே மதியம் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்தால் அது டிரைவர் தவறு. மூன்றாவதாக யாரும் நினைக்காத ஒன்று இருக்கிறது. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் போகிற பீடித் தூள் மூட்டையோடு அல்வாவைச் சேர்த்து வைத்தால் அல்வாவில் புகையிலை வாடை ஏறும். பினாயில், சோப்புப் பெட்டி பக்கத்திலும் வைக்கக் கூடாது. புக்கிங்கிலேயே பெட்டியில் “உணவு” என்று பெரிதாக எழுதுங்கள். பத்தமடைப் பாய் வந்தால் மடக்காமல், எல்லாவற்றுக்கும் மேலே நீளவாக்கில் கிடத்தச் சொல்லுங்கள். கோரை ஒடிந்தால் ஒட்டாது.

அம்பாசமுத்திரம், அரிசி மண்டி லோடுமேன்: மூட்டை 26 கிலோ ஆகிவிட்டது, கூலி 25 கிலோவுக்குத்தான் தருகிறார்கள்.

2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை கட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதைத் தவிர்க்க ஆலைகள் 26 கிலோ கட்டின. வரியை மிச்சப்படுத்தியது அவர்கள், சுமந்தது நீங்கள். ஒரு நாளைக்கு 400 மூட்டை தூக்கினால் 400 கிலோ கூடுதல். மூட்டைக் கணக்கை விட்டு டன் கணக்கில் கூலி கேளுங்கள். டிரைவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். வண்டியில் 25 கிலோ என்று எண்ணி ஏற்றினால் அவருக்கும்தான் பாரக் கணக்கு தப்பும். நூறு கிலோ சீனி மூட்டை தூக்கிய தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆண் சுமக்க 55 கிலோ போதும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அந்தப் பெரியவர்களில் நிமிர்ந்து நடந்தவர் ஒருவரும் இல்லை.

கடையநல்லூர்: இறக்குக்கூலி யார் தர வேண்டும், டிரைவரா கடைக்காரரா?

எல்.ஆர். ரசீதில், அதாவது சரக்கை புக் செய்யும்போது தருகிற லாரி ரசீதில், எழுதியிருப்பதுபடி. எழுதாமல் புக் செய்யாதீர்கள்.

மானூர், லோடுமேன்: பென்ஷன், விபத்து நிவாரணம் ஏதாவது உண்டா?

உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். ஓட்டுநர்களுக்குத் தனி வாரியம் இருக்கிறது. விவரத்தைத் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள், நான் சொல்வதை விட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

சுரண்டை, டிரைவர்: முதல் கடைச் சரக்கு உள்ளே...

மூன்றாவது தடவை. சாக்பீஸ் வாங்குங்கள் தம்பி.

நாங்குநேரி, டிரைவர்: நேற்று கதவைத் திறந்ததும் பெயிண்ட் டின் காலில் விழுந்தது. லோடுமேனிடம் நஷ்டம் கேட்கலாமா?

எங்கே நின்று திறந்தீர்கள்? ஆரம்பத்தில் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். டின்னை மேலே வைத்தது அவர் தவறுதான், அதைக் கேளுங்கள். ஆனால் சரியாக அடுக்கிய லோடும் பள்ளத்தில் குதித்தால் சரியும். ஓரமாக நின்று, ஒரு சாண் மட்டும். கால் வீங்கியிருந்தால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

திசையன்விளை, புது லோடுமேன்: தார்ப்பாய்க் கயிறு முடிச்சு எனக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது. டிரைவர் தினமும் அவிழ்த்துத் தானே கட்டிக்கொள்கிறார். எழுதி விளக்குவீர்களா?

முடிச்சை எழுத்தில் கற்க முடியாது தம்பி. லோடு இழுத்தால் இறுகி, நாம் நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கைதான் அதைப் படிக்க வேண்டும். அந்த டிரைவர் நாளைக்கு அவிழ்க்கும்போது பக்கத்தில் போய் நின்று, “அண்ணாச்சி, ஒரு தடவை மெதுவாகக் கட்டிக் காட்டுங்க” என்று கேளுங்கள். கேட்டால் காட்டாத டிரைவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படியும் வரவில்லை என்றால் விடியற்காலை நாலு மணிக்குப் பேட்டைக்கு வாருங்கள், பழைய கயிறு நிறையக் கிடக்கிறது.