நிறம் யார் போட்டது?

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக அபோஃபிசிஸ் என்ற மென்பொருளில் பிராக்டல் படங்கள் (ஒரே வடிவம் தனக்குள்ளேயே சிறிது சிறிதாகத் திரும்ப வரும் படங்கள்) செய்கிறேன். ‘கம்ப்யூட்டர் போட்ட படத்துக்கு உன் பெயர் எதற்கு?’ என்று நண்பன் கேட்கிறான். இது கலைதானா? சுடர்போல நெளியும் ஃபிளேம் பாணி பழசு, முப்பரிமாண மாண்டல்பல்புக்குப் போ என்கிறார்கள் சிலர். நம் கோலமும் பிராக்டல்தானே, அதை ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை? பத்துப் படங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கி.

அன்புள்ள கி.,

உங்கள் மடல் வந்த அன்று பழைய பிளாப்பிகளை எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கலையா என்ற கேள்வியை விடுங்கள். கம்ப்யூட்டரே எல்லா வேலையையும் செய்துவிடும் கலை அல்ல இது என்று பிராக்டல் கலைஞர் கெர்ரி மிட்செல் 1999-லேயே அறிக்கை எழுதிவிட்டார். நண்பனுக்கு அதைக் கொடுங்கள். கோலத்தைக் கண்டுகொள்ளவில்லை என்பதும் சரியல்ல. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலத்தை உருவாக்கும் விதிகள், எழுதினார்கள். அதற்காக எல்லாக் கோலமும் பிராக்டல் ஆகிவிடாது. ஸ்காட் டிரேவ்ஸின் ஃபிளேம் 1992-ல் வந்தது, மாண்டல்பல்ப் 2009-ல். வயதை வைத்துப் பாணியை ஒதுக்குகிறவர்களிடம் மெனக்கெடாதீர்கள்.

நான் சொல்ல வந்தது நிறத்தைப் பற்றி.

1994-ல் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். பிள்ளைகள் போனபிறகு இரவில் பிராக்டிண்ட் என்ற பிராக்டல் மென்பொருளை ஓட்டுவேன். தசமக் கணக்குக்கான தனிச் சில்லு (கோப்ராசசர்) இல்லாத 386 கம்ப்யூட்டர். பெரும்பாலும் முழு எண்களிலேயே கணக்குப் போடுகிற மென்பொருள் என்பதால்தான் அதில் ஓரளவு வேகமாக ஓடியது. மாண்டல்பிராட் கணம் என்ற புகழ்பெற்ற பிராக்டலில் கடல்குதிரைப் பள்ளத்தாக்கு என்றொரு இடம் உண்டு. அங்கே ஒரு மூலையைப் பெரிதாக்கக் கட்டம் போட்டு, என்டர் தட்டிவிட்டுப் பெஞ்சில் படுத்துவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் வெறும் இரைச்சல். 256 நிறமும் வானவில்லாகக் கொட்டிக் கிடந்தது. ஓர் இரவு வீணாய்ப் போனதே என்று அழுகை வந்தது.

நிறங்களைச் சுழற்றும் விசையைத் தட்டினேன். நிறங்கள் நகர ஆரம்பித்தன. நிறுத்தி, பாதி நிறங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கருநீலம் மட்டும் வைத்தேன். அப்போதுதான் வால் தெரிந்தது. சுருண்ட வால், அதன் முதுகெலும்பில் இன்னும் சின்ன வால்கள். இரவு முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் விட்டுவைத்த நிறம் அதை மறைத்திருந்தது.

அங்கே கம்ப்யூட்டர் செய்வது இவ்வளவுதான்: ஒரு எண்ணை அதனாலேயே பெருக்கி, இன்னொன்றைக் கூட்டி, திரும்பத் திரும்பச் செய்து, எத்தனையாவது சுற்றில் அது 2-ஐத் தாண்டி ஓடுகிறது என்று எண்ணுகிறது. இந்தப் புள்ளிக்கு 37, அந்தப் புள்ளிக்கு 112. 37-க்கு என்ன நிறம் என்று எந்தச் சூத்திரமும் சொல்வதில்லை. ஃபிளேமில் கணக்கு வேறு. ஆனால் அங்கேயும் கிரேடியன்ட், அதாவது நிற வரிசை, உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதைத்தான் நீங்கள் கைவிட்டிருக்கிறீர்கள். அபோஃபிசிஸைத் திறந்ததும் இடப்பக்கம் ரேண்டமாகப் படங்கள் வரிசை கட்டி நிற்கும். அதிலிருந்து ஒன்பதை எடுத்து, வந்த நிறத்தோடு அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் நண்பன் கேட்டது இந்த ஒன்பதைப் பார்த்துத்தான் என்றால், அவன் கேட்டது சரி. இரண்டு வருடம் உழைத்த பிள்ளை இப்படிச் செய்யலாமா?

ஆனால் நான்காவது படம் அப்படியில்லை. கீழ் இடது மூலையில் துருப்பிடித்த பழுப்பு மெல்லப் பாசிப் பச்சையாக இறங்குகிறது. அந்தப் பச்சை எந்த ரேண்டமிலும் வந்ததில்லை, நீங்கள் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பார்த்து வைத்தது. ராத்திரி மூன்று முறை அதைத் திறந்து பார்த்தேன்.

ஒரு மாதம் வேறு படமே செய்யாதீர்கள். இதன் உருவத்தில் கை வைக்காமல் இருபது கிரேடியன்ட் போட்டுப் பாருங்கள். அப்புறம் படத்தின் அமைப்பு எண்கள் இருக்கும் பாராமீட்டர் கோப்பை எனக்கு அனுப்புங்கள். மேலே வலப்பக்கம் இருக்கிற ரோஸ் நிறத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், அது உங்களுடையது இல்லை.