சோறு ஒட்டினால் அழுகிறான், பென்சில் பிடித்தால் வலிக்கிறது என்கிறான்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். தினமும் அரைப் பக்கம் ‘அ’ எழுதி வரச் சொல்கிறார்கள். நாலு எழுத்திலேயே “கை வலிக்குதும்மா” என்று பென்சிலைப் போட்டுவிடுகிறான். கையில் சோறு ஒட்டினாலே துடைக்கச் சொல்லி அழுகை. பெயிண்ட், களிமண் பக்கமே வருவதில்லை. கலர் மணல், கிராஃப்ட் பெட்டி ஏதாவது வாங்கித் தரலாமா? என் மாமியார், “தானா வரும், விடு” என்கிறார்.
- ஒரு வாசகி, கரூர்

பதில்: கை வலிக்கிறது என்று அவன் சொல்வதை முதலில் நம்புங்கள் அம்மா. 31 வருடம் பாலர் வகுப்பில் இருந்தவள் நான். அந்த வயதில் சாக்குச் சொல்லும் பிள்ளைகளைவிட, நிஜமாகவே கை ஓய்ந்துபோகும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் இறுகும், கடைசி எலும்புக்கு எட்டு வயதுக்கு மேலும் ஆகும். விரல்களிலும் இன்னும் பலம் கூடவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் 3 வயதில் வட்டம் போடுவார்கள், 4 வயதில் கூட்டல் குறி, முக்கோணம் வர 5 வயதாகும். நம் ‘அ’வில் சுழி, வளைவு, கோடு எல்லாம் ஒன்றாக வருகின்றன. அரைப் பக்கம் அதிகம். ஒரு வரி போதுமா என்று ஆசிரியையிடம் தன்மையாகக் கேளுங்கள்.

பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். சமையலறையே போதும்.

ஒட்டுகிற பொருளை அவன் கையில் திணிக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துப் பெயிண்டில் அழுத்திவிட்டேன். ஒரு வாரம் அவள் வகுப்புக்கே வரவில்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால் காய்ந்ததிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாம்பாளத்தில் உளுந்தைக் கொட்டி, உள்ளே நாலு சோழியை ஒளித்து வையுங்கள். அது பழகிய பிறகு ரவை. அப்புறம் கோலமாவைப் பரப்பி விரலால் கோடு இழுக்கட்டும். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அதே வேலைதான். தினமும் செய்யலாம். சப்பாத்தி மாவும் களிமண்ணும் கடைசியில். பக்கத்திலேயே ஈரத்துணி இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள்.

கைக்குப் பலம் வர, பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், முருங்கைக்கீரை ஆயட்டும், துணிக் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டட்டும். முழு க்ரேயானை இரண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சிறிதாக இருந்தால் உள்ளங்கையால் பற்ற முடியாது, விரல் நுனிதான் பிடித்தாக வேண்டும். சுவரில் தாள் ஒட்டி நின்றபடி வரைந்தால் மணிக்கட்டும் தோளும் சேர்ந்து வேலை செய்யும். வரைந்ததைப் பார்த்து “இது என்ன, யானையா?” என்று கேட்காதீர்கள். “இங்கே சிவப்பு நிறைய போட்டிருக்கியே” என்றால் அவனே கதை சொல்வான்.

ஒன்று கவனியுங்கள். சோறு மட்டுமல்லாமல் சட்டைக் காலர், தலை வாருவது, மிக்ஸி சத்தம் என்று எல்லாவற்றுக்கும் அலறினாலோ, சாப்பிடும் பொருட்கள் குறைந்துகொண்டே வந்தாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் சொல்லி, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (சாப்பிடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஒருவரைப் பாருங்கள்.

உங்கள் மாமியாரிடம் பல்லாங்குழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புளியங்கொட்டையை உள்ளங்கையில் அள்ளி, மற்றவை சிந்தாமல் ஒவ்வொன்றாக விரல் நுனிக்குத் தள்ளிக் குழியில் போட வேண்டும். எழுதும் விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கொட்டையை மூக்கிலோ வாயிலோ போடாமல் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். பாட்டியே உட்காரட்டும்.