அரசியல் பொருளாதாரத்தில் எம்.ஏ.: சேரும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்: “தமிழ் வழியில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கிறேன். அரசியல் பொருளாதாரத்தில் எம்.ஏ. படிக்க ஆசை. ப்ளஸ் டூவில் கணிதம் எடுக்கவில்லை. சமாளிக்க முடியுமா? வேலை கிடைக்குமா?”

சமாளிக்கலாம். ஆனால் எந்த அரசியல் பொருளாதாரம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு விதப் படிப்பு நடக்கிறது.

உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழை பெய்தால் 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி டெல்டா விவசாயிகள் கேட்பார்கள். வாசலில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு, ராத்திரி பகலாகக் காவல் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆதரவு விலையால் சந்தையில் வரத்தும் விலையும் எப்படி மாறும் என்பது பொருளியல் பாடத்தில் வரும். அந்த 17ஐ யார் வைத்தது, தளர்த்தும் அதிகாரம் ஏன் டெல்லியில் இருக்கிறது, காத்திருக்க முடியாத குத்தகைக்காரர் வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும்போது அந்த வித்தியாசம் யார் கைக்குப் போகிறது? இந்தக் கேள்விகள்தான் அரசியல் பொருளாதாரம்.

விடை தேடும் வழிதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ரிக்கார்டோ, மார்க்ஸ் வழி வந்த பழைய மரபு: வர்க்கம், நில உடைமை, உபரி (உழைப்பவர் தேவைக்குப் போக மிஞ்சுவது) என்று போகும். ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷலின் நூல் 1890இல் வந்த காலத்தில்தான் ‘எகனாமிக்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது. அதற்கு முன் இந்தத் துறைக்கே அரசியல் பொருளாதாரம் என்றுதான் பெயர். இன்னொன்று, வாக்காளர், கட்சி, அரசு எப்படி நடந்துகொள்கின்றன என்று கணித மாதிரிகளும் தரவுகளும் வைத்துப் பார்ப்பது. 2024இல் நோபல் வாங்கிய அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் இந்தப் பக்கம்.

ஆகவே படிப்பின் பெயரை விட்டுவிட்டு, கட்டாயப் பாடங்களையும் வாசிப்புப் பட்டியலையும் இறக்கிப் பாருங்கள். கேம் தியரியும் (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்து எப்படி மாறும் என்று கணிதமாகப் பார்ப்பது) எகனாமெட்ரிக்ஸும் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் வழியில் ஆராய்வது) மட்டுமே கட்டாயம் என்றால் இரண்டாவது வகை. மார்க்ஸ், கெய்ன்ஸ், கலெக்கி எல்லாம் பட்டியலில் இருந்தால் முதல் வகை. டெல்லி ஜே.என்.யூ.வின் பொருளாதார மையம் முதல் வகைக்குப் பேர்போனது, ஆனால் அங்கே தரும் பட்டம் எம்.ஏ. எகனாமிக்ஸ்தான்.

இந்தப் பட்டப் பெயர் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத எகனாமிக்ஸ், அப்ளைடு எகனாமிக்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ் இவற்றில் ஒன்றில் முதுகலை வேண்டும். ‘டெவலப்மென்ட் ஸ்டடீஸ்’ என்று இருந்தால் கதவு சாத்திவிடும். படித்து முடித்தபின் இது தெரியவந்து தவிப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆய்வு நிறுவனம், பத்திரிகை, தொண்டு அமைப்பு என்றால் அந்தச் சிக்கல் பெரிதாக வராது. முனைவர் பட்டம் வரை போக நினைத்தால் சென்னை அடையாற்றிலேயே மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் (எம்.ஐ.டி.எஸ்.) இருக்கிறது. மால்கம் ஆதிசேசய்யா 1971இல் தொடங்கிய நிறுவனம்.

லண்டனில் முதுகலை ஒரே வருடத்தில் முடியும், செலவுதான் பயங்கரம். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், அதனால் இப்போதைக்கு அது உங்களுக்கு இல்லை.

சரி, கணிதம். நம் பாடநூல் கழகத்தின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. அணிகள், வகையிடல், தொகையிடல் மூன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நான்கைந்து மாதத்தில் பயம் போய்விடும். அதைவிடச் சிரமம் ஆங்கில வாசிப்பு. வாரம் ஒரு கட்டுரை எடுத்து, அது என்ன வாதிடுகிறது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுத வரவில்லையென்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள். ஜே.என்.யூ. போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுத வேண்டிய, முதுகலைக்கான சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு மார்ச் வாக்கில் வரும், விண்ணப்பம் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே திறந்துவிடும்.