நீட் தேர்வில் 40 கேள்விகளை விடுவதா, ஊகித்து எழுதுவதா?

கேள்வி: என் மகள் நீட் எழுதப்போகிறாள். மாதிரித் தேர்வுகளில் 180 கேள்விகளில் 140 போல எழுதிவிட்டு மீதி 40-ஐ விட்டுவிடுகிறாள். “தெரியாததைத் தொடாதே, மைனஸ் விழும்” என்கிறார் ஒரு ஆசிரியர். “ஒன்றையும் விடாதே, அடித்துவிடு” என்கிறார் இன்னொருவர். மூத்தவன் டிஎன்பிஎஸ்சி குரூப் 4, வங்கித் தேர்வு இரண்டும் எழுதுகிறான். அவனுக்கும் இதே குழப்பம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் மகள் விட்டுவைக்கும் 40 கேள்விகளில் பெரும்பாலானவற்றை அவள் எழுத வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அல்ல.

முதலில் மைனஸ் மதிப்பெண் எப்படி வைக்கப்படுகிறது என்று பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் லாபமும் வேண்டாம், நஷ்டமும் வேண்டாம் என்று தேர்வு நடத்துபவர் நினைத்தால், நான்கு விடைகள் கொண்ட கேள்விக்கு அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கையும் ஐந்து விடைகள் கொண்ட கேள்விக்கு நான்கில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் சரியான விடைக்கு 2, தவறுக்கு 0.66 கழிவு. அது இந்தக் கணக்குதான். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்விலும் ஐந்து விடைகளுக்குக் கால் மதிப்பெண் கழித்தார்கள். 2016-இல் அந்தக் கழிவை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

நீட்டில் நான்கு விடைகள் இருந்தும் கழிப்பது நான்கில் ஒரு பங்குதான்: சரிக்கு 4, தவறுக்கு 1. அதாவது கழிவு சற்றுக் குறைவு. ஐந்து ஊகங்களில் ஒன்று சரியானாலே கைக்காசு போகாது. எதுவுமே தெரியாமல் குறித்தால் ஒரு கேள்விக்குச் சராசரியாக கால் மதிப்பெண் கிடைக்கும். ஒரு விடையை உறுதியாக அடித்துவிட்டு மீதி மூன்றில் ஒன்றைக் குறித்தால் 0.67. இரண்டை அடித்துவிட்டால் 1.5.

இதை அவளுடைய 40 கேள்விகளில் பொருத்திப் பாருங்கள். 15 கேள்விகளில் இரண்டு விடைகளை நீக்க முடிகிறது, இன்னொரு 15-இல் ஒன்றை நீக்க முடிகிறது, 10 சுத்தமாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி வரவு 22.5 + 10 + 2.5, மொத்தம் 35 மதிப்பெண். இதில் 32-க்கு மேல் வருவது அரைகுறையாகத் தெரிந்த கேள்விகளிலிருந்து. அவள் பயந்து விடுவதும் அவற்றைத்தான்.

மாறாக, 40-ஐயும் இங்கி பிங்கி பாங்கி போட்டுக் குறித்தால் சராசரி வரவு 10 மட்டுமே. எட்டு சரியானால் வரவும் செலவும் சமம். அதற்கும் குறைவாக விழுந்து நஷ்டப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. முதல் ஆசிரியரின் பயம் இந்த இடத்துக்குப் பொருந்தும், மற்ற இடங்களுக்குப் பொருந்தாது.

இனி முக்கியமான இடம். “ஒரு விடையை நீக்கிவிட்டேன்” என்றால் ஏன் அது தவறு என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். 4 ஓம், 6 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தால் மொத்தம் 4-க்குக் குறைவாகத்தான் இருக்கும். விடைகள் 10, 5, 3.2, 2.4 என்று இருந்தால், 10-ம் 5-ம் கணக்குப் போடாமலே அடிபடும். எஞ்சுவது 3.2, 2.4. இது நீக்கல். “இந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறேன், அதனால் இதுதான்” என்பது நீக்கல் அல்ல. கேள்வி தயாரிப்பவர் அரைகுறையாகப் படித்தவர் எதை எடுப்பார் என்று யோசித்துத்தான் தவறான விடைகளை எழுதுகிறார். வெப்ப இயந்திரத் திறன் கணக்கில் செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறந்தால் வரும் எண் பெரும்பாலும் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். அந்த மாதிரி வலையில் விழும் மாணவர், கண்ணை மூடிக் குறித்தவரைவிடக் குறைவாக எடுப்பார். சுத்தமாகத் தெரியாத கேள்வியில் விடைகளைப் படித்துப் படித்துப் பிடித்ததைத் தேர்வதைவிட, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை (எல்லாமே 2, அல்லது எல்லாமே 3) குறிப்பது நல்லது. கவர்ச்சிக்கு இடமில்லை, நேரமும் மிச்சம்.

“மட்டும்”, “எப்போதும்” என்று வந்தால் தவறு, நீளமான விடைதான் சரி என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். உயிரியலில் இது உதவாது. பாடநூல் வரிகளிலேயே “மட்டும்” ஏராளமாக இருக்கிறது.

கேள்வியின் அமைப்பைப் பொறுத்து அரைகுறை அறிவின் மதிப்பு மாறும். கூற்று 1, கூற்று 2 என்று கொடுத்து இரண்டும் சரி, இரண்டும் தவறு, முதலாவது மட்டும் சரி, இரண்டாவது மட்டும் சரி என்று கேட்டால், ஒரு கூற்று தெரிந்தாலே இரண்டு விடைகள் போய்விடும். அப்படிப்பட்ட கேள்வியை விடவே கூடாது. கூற்று–காரணம் வகையில் வழக்கமாக ஒரே ஒரு விடையில்தான் காரணம் தவறு என்று இருக்கும்; ஆகவே காரணம் தவறு என்று தெரிந்தால் “கூற்று சரி, காரணம் தவறு” என்ற விடை நேராகக் கைக்கு வந்துவிடும். ஆனால் கூற்று சரி என்பது மட்டும் தெரிந்தால் ஒரே ஒரு விடைதான் நீங்கும். பொருத்துக கேள்வியில் நான்கு ஜோடிகளையும் சரிபார்க்க உட்கார வேண்டாம். நிச்சயமாகத் தெரிந்த ஜோடியை எடுத்து, அது இல்லாத விடைகளை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றில் எந்த ஜோடி மாறுகிறதோ அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். யுபிஎஸ்சி 2023-இல் “எத்தனை கூற்றுகள் சரி” என்ற வகையை நிறையக் கேட்டது இந்த வழியை அடைக்கத்தான் என்று தோன்றுகிறது. அதில் ஒரு கூற்று தவறு என்று தெரிந்தாலும் “அனைத்தும்” என்பது மட்டும்தான் நீங்கும்.

தமிழில் எழுதுபவளாக இருந்தால் இன்னொன்று. கேள்வி குழப்பமாக இருந்தால் ஊகிக்கும் முன் பக்கத்தில் உள்ள ஆங்கில வடிவத்தைப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி என்பது விதி. பல நேரம் கலைச்சொல்தான் புரிந்திருக்காது, விஷயம் தெரிந்தே இருக்கும்.

அவளுடைய ஊகம் எவ்வளவு தேறும் என்பதை அவளுடைய மாதிரித் தேர்வுகளே சொல்லும். அடுத்த ஐந்து தேர்வுகளில் எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். வினாத்தாளில் உறுதியான விடைக்கு அடையாளம் வேண்டாம். இரண்டில் ஒன்று என்று குறித்ததற்குப் புள்ளி, மூன்றில் ஒன்றுக்குக் குறுக்குக்கோடு, சுத்த ஊகத்துக்கு வட்டம். திருத்தும்போது மூன்று வகைக்கும் தனித்தனியாகக் கணக்கு வையுங்கள். புள்ளி வைத்த 70-இல் 30 சரி என்றால் 120 வரவு, 40 கழிவு, நிகரம் 80 மதிப்பெண். பாதிகூடத் தேறவில்லையே என்று அவள் வருந்துவாள், ஆனால் அது நல்ல லாபம். இயற்பியலில் குறுக்குக்கோடு வகை 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால், அந்தப் பாடத்தில் அவள் “நீக்கியது” உண்மையில் வலை. அங்கே மட்டும் விடலாம். ஒரு வகையில் 50 கேள்விகளாவது சேராமல் முடிவெடுக்க வேண்டாம். பத்துக் கேள்விகளில் ஏற்ற இறக்கம் சகஜம்.

சுத்த ஊகத்தைத் தேர்வின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கால் மதிப்பெண்ணுக்காக அதற்கு முன் ஒரு நிமிடம்கூடச் செலவிடக் கூடாது. 180 நிமிடத்தில் 180 கேள்வி என்றால் மூன்று நிமிடம் போராடி எடுத்த “இரண்டில் ஒன்று” மற்ற கேள்விகளின் நேரத்தைத் தின்ற ஒன்று. சுத்த ஊகத்துக்கு ஒரு சிறு விலையும் உண்டு: மொத்த மதிப்பெண்ணும் மூன்று பாட மதிப்பெண்களும் சமமாகிவிட்டால், சரியானவற்றோடு ஒப்பிடத் தவறுகள் குறைவாக உள்ளவர் முன்னே போவார். அவ்வளவு தூரம் சமமாவது அபூர்வம் என்பதால் இதற்காகப் பயந்து விட வேண்டியதில்லை.

விடும் பழக்கத்தில் எதிர்பாராத ஆபத்து ஓஎம்ஆர் தாளில், அதாவது வட்டத்தைக் கறுப்பாக்கி விடை குறிக்கும் தாளில், இருக்கிறது. 57-ஐ விட்டுவிட்டு 58-இன் விடையை 57-இல் கறுப்பாக்கினால் அதற்குப் பின் எல்லாமே ஒரு வரிசை தள்ளிப் போகும். பேனாவால் குறித்ததை அழிக்கவும் முடியாது. இரண்டு வட்டம் கறுத்தால் அதுவும் தவறுதான், 1 கழியும். பக்கத்துக்குப் பக்கம் முடித்துக் குறிக்கட்டும். விட்ட எண்களை வினாத்தாளின் ஓரத்தில் பெரிதாக எழுதி வைக்கட்டும்.

மூத்தவனுக்கு வருவோம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் தவறான விடைக்குக் கழிவு கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், ஆகவே ஒன்றுக்கு 1.5. ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்தைக் குறித்தால் நிச்சயமாகச் சுழியம். வேறெதைக் குறித்தாலும் சராசரி 0.375. முப்பது கேள்விகளுக்கு ஐந்தாவது வட்டத்தை நிரப்புபவர் பதினொரு மதிப்பெண்ணைத் தானாகவே விட்டுக்கொடுக்கிறார். குரூப் 4-இல் ஒரே ஒரு கேள்வியின் மதிப்பெண்ணுக்கும் ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். அந்த வட்டத்தை அவன் தொடவே வேண்டாம்.

வங்கித் தேர்வில் ஐந்து விடைகள், கால் பங்கு கழிவு. சுத்த ஊகத்தின் சராசரி அங்கே சரியாகச் சுழியம். ஒரு விடையை நீக்கினாலும் ஒரு மதிப்பெண் கேள்விக்குக் கிடைப்பது 0.06-தான். மூன்றை நீக்கினால் 0.375. முதல்நிலையில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி நேரம், அது முடிந்தால் அந்தப் பகுதி பூட்டப்படும் என்பதால், இரண்டு மூன்று விடைகளையாவது சில விநாடிகளில் அடிக்க முடியாத கேள்வியைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போவதுதான் லாபம்.