டோக்கியோவில் ஹோட்டல்: முதலில் ரயில் பாதை, பிறகுதான் அறை

டோக்கியோவுக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் தங்குமிடம் பற்றிக் கேட்ட கேள்விகளும் பதில்களும். கட்டணங்கள் எல்லாம் யென்னில். அவை மாறக்கூடியவை என்பதால் பதிவு செய்யும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், நானும் மனைவியும் ஒரு வாரம் போகிறோம். ஷிஞ்சுக்குதான் நகர மையம், அங்கேயே எடுங்கள் என்கிறார்கள். உவெனோ, அசகுசா பக்கம் விலை குறைவாக இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: டோக்கியோவுக்கு ஒரே மையம் என்று எதுவும் கிடையாது. யாமனோத்தே என்ற வட்டப் பாதையை வரைபடத்தில் பாருங்கள். 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். மேற்கில் ஷிஞ்சுக்கு, ஷிபுயா, இகெபுகுரோ. கிழக்கில் உவெனோ, அகிஹபரா, டோக்கியோ நிலையம். இந்த வட்டத்தின் மேலேயோ அதை ஒட்டியோ தங்கினால் எந்தப் பக்கமும் தூரமாகத் தெரியாது. அதனால் "எந்தப் பேட்டை" என்று கேட்பதைவிட, "எந்த ரயில் பாதை, எத்தனை முறை மாற வேண்டும்" என்று கேளுங்கள். ஜேஆர், டோக்கியோ மெட்ரோ, தோயெய் மூன்றும் தனித்தனி நிறுவனங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பெரும்பாலும் கட்டணம் புதிதாகத் தொடங்கும். இரண்டு நிறுவனங்களின் நிலையங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கும் ஹோட்டல் காலையும் காசையும் காப்பாற்றும்.

ஷிஞ்சுக்கு நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். "நிலையத்திலிருந்து 6 நிமிடம்" என்று ஹோட்டல் சொல்வது மிக அருகிலுள்ள வாசலிலிருந்து. ரயிலிலிருந்து இறங்கி அந்த வாசலைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆகலாம். தவிர, ஜப்பானில் நடைத் தூரத்தை நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். பெட்டியை உருட்டிக்கொண்டு யாரும் அந்த வேகத்தில் நடக்க முடியாது. ஷிஞ்சுக்குவை எடுக்க நியாயமான காரணம் இருந்தால் எடுங்கள்: ஹக்கோனே என்ற மலை ஊருக்குப் போகும் ஒடாக்யூ ரயிலும், ஃபூஜி மலைப் பக்கம் போகும் பல நெடுஞ்சாலைப் பேருந்துகளும் அங்கிருந்து கிளம்புகின்றன.

நரிட்டா விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு உவெனோ வசதி. ஸ்கைலைனர் என்ற விரைவு ரயில் 40 நிமிடத்துக்குச் சற்று கூடுதலாக எடுத்துக்கொண்டு அங்கே கொண்டுவந்து விடும். இன்னொரு நல்ல தேர்வு, பலர் கவனிக்காதது, தோயெய் அசகுசா பாதை. அசகுசா, அசகுசபாஷி, நிஹோன்பாஷி, ஹிகாஷி கின்சா எல்லாம் இதில் வருகின்றன. நரிட்டா, ஹனேடா விமான நிலையங்கள் இரண்டுக்கும் மாறாமல் போகும் ரயில்கள் இதே தண்டவாளத்தில் ஓடுகின்றன. அவற்றில் நரிட்டாவிலிருந்து வரும் அக்ஸஸ் எக்ஸ்பிரஸுக்கு ஸ்கைலைனர் கட்டணத்தில் ஏறத்தாழ பாதிதான். ஆனால் இருக்கை ஒதுக்கீடு கிடையாது, அடிக்கடியும் வராது, நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அசகுசா கோயில் வட்டாரம் இரவு 8 மணிக்கெல்லாம் அடங்கிவிடும். உங்களுக்கு என் பரிந்துரை உவெனோ–ஒகாச்சிமாச்சி, அல்லது அசகுசபாஷி–நிஹோன்பாஷி.

கேள்வி: செமி டபுள், டபுள், ட்வின் என்று இருக்கிறது. செமி டபுள்தான் மலிவு. இரண்டு பேருக்குப் போதுமா அக்கா?

பதில்: போதாது. செமி டபுள் கட்டிலின் அகலம் 120 செ.மீ., அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கும். உள்ளே படுத்தவர் எழ வேண்டுமென்றால் வெளியே படுத்தவரைத் தாண்டித்தான் வர வேண்டும். டபுள் என்பது 140 செ.மீ. ட்வின் என்றால் தனித்தனிக் கட்டில்கள்.

கட்டிலைவிட முக்கியம் சதுர மீட்டர். ஜப்பானில் அரசு தரும் நட்சத்திரத் தரவரிசை இல்லை. பதிவுத் தளங்களில் காணும் நட்சத்திரங்கள் அந்தத் தளங்கள் போட்டவை. அறை விவரத்தில் பரப்பளவு இருக்கும், அதைப் பாருங்கள். 11, 12 சதுர மீட்டர் என்றால் ஒரு பெரிய சூட்கேஸைத் திறந்து வைத்தபின் நடக்க இடமிருக்காது. இருவர், ஆளுக்கொரு பெரிய பெட்டி என்றால் 16க்குக் கீழே போகாதீர்கள். 18 கிடைத்தால் நிம்மதி. கட்டிலுக்கு அடியில் பெட்டி நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று படங்களில் பாருங்கள். சிறிய அறைகளில் அதுதான் அலமாரி.

கேள்வி: ஒருவர் பெயரில் பதிவு செய்துவிட்டு இரண்டு பேர் தங்கலாமா? அறைக்குத்தானே வாடகை?

பதில்: வேண்டாம். ஜப்பானில் பெரும்பாலான ஹோட்டல்கள் ஆள் கணக்கில்தான் விலை வைக்கின்றன. அதே அறை, ஒருவருக்கு ஒரு விலை, இருவருக்கு வேறு விலை. ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் வரவேற்பில் நகல் எடுப்பார்கள். கூடுதல் ஆளுக்கு அப்போது பணம் கேட்பார்கள், ஒருவருக்கான அறையென்றால் அனுமதிக்கவே மாட்டார்கள்.

தங்கும் வரியும் ஆள் கணக்குதான். டோக்கியோ 2002 முதல் வாங்கும் வரி இது: ஒருவருக்கு ஓரிரவுக் கட்டணம் 10,000 யென்னுக்குக் கீழ் என்றால் இல்லை, 10,000 முதல் 15,000க்குள் 100 யென், அதற்கு மேல் 200 யென். இருவர் அறை 18,000 யென் என்றால் ஆளுக்கு 9,000, வரி இல்லை. இதை விகித முறைக்கு மாற்றும் திட்டம் இருப்பதால் பதிவுப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டில் செலுத்தும்போது ரூபாயிலா யென்னிலா என்று இயந்திரம் கேட்டால் யென்னையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதல் பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: அக்கா, கொழும்பிலிருந்து போற பிளேன் காலமை நரிட்டாவில இறங்குது. ஹோட்டலில பின்னேரம் மூண்டு மணிக்குத்தான் அறை தருவினமாம். அதுமட்டும் சூட்கேசுகளோட என்ன செய்யிறது?

பதில்: நேரே ஹோட்டலுக்குப் போய் வரவேற்பில் பெட்டிகளைக் கொடுத்துவிடுங்கள். அன்று தங்குகிறவர்களிடம் பெரும்பாலும் பணம் வாங்காமலே வைத்துக்கொள்வார்கள், கிளம்பும் நாளிலும் அப்படியே. ஆளில்லாத வரவேற்பு உள்ள இடங்களில் இந்த வசதி இருக்காது. விடுமுறை வீடுகளிலும் இருக்காது. அதை முன்பே கேட்டு வையுங்கள். விமான நிலையத்திலிருந்தே கூரியரில் பெட்டியை ஹோட்டலுக்கு அனுப்பலாம், தக்கியூபின் என்பார்கள். பொதுவாக மறுநாள்தான் சேரும் என்பதால் முதல் இரவுக்கான உடுப்பு, மருந்து கையில் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். பிள்ளைகளுக்கு 5 வயது, 9 வயது. ஒரே அறை கிடைக்குமா?

பதில்: சாதாரண பிசினஸ் ஹோட்டலில் கிடைக்காது. தொடக்கப் பள்ளி சேராத குழந்தை பெற்றோர் கட்டிலில் படுத்தால் பல இடங்களில் கட்டணமில்லை, ஆகவே 5 வயதுப் பிள்ளை பிரச்சினையில்லை. 9 வயதுப் பிள்ளை பல ஹோட்டல்களில் ஓர் ஆளாகக் கணக்கில் வரும். "ஒரு கட்டில் கூடுதலாகப் போடுங்கள்" என்று அங்கே போய்ச் சொன்னால் எடுபடாது. அறைக்கு எத்தனை பேர் என்ற வரம்பைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

மிமாரு போன்ற குடும்ப ஹோட்டல்களைத் தேடுங்கள். நான்கு பேருக்கும் மேல் தங்கும் அறை, சிறு சமையலறை, பாத்திரங்கள் எல்லாம் இருக்கும். இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் உங்கள் அலுமினியப் பாத்திரம் அதில் சூடாகாது. நம் ஊர் மின் குக்கரையும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். 230 வோல்ட் குக்கர் அதில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம்தான் தரும், அரிசி ஊறுமே தவிர வேகாது. செல்போன் சார்ஜர் வேலை செய்யும், ஆனால் தட்டையான இரண்டு முள் கொண்ட அடாப்டர் தேவை. சமையலறை இல்லாத அறையில் சமைக்கவே கூடாது, புகை உணர்வி அலறும்.

கேள்வி: சுத்த சைவம். காலை உணவு சேர்த்துப் பதிவு செய்யலாமா?

பதில்: அறை மட்டும் எடுங்கள். மிசோ சூப், வேகவைத்த காய், முட்டைச் சுருள், எல்லாவற்றிலும் தாஷி என்ற சாறு சேரும். அது பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுப்பது. கண்ணுக்கு மீன் தெரியாது, பரிமாறுகிறவரும் அதை அசைவமாக நினைக்க மாட்டார். மிஞ்சுவது வெறும் சோறு, ரொட்டி, பழம்தான். அதற்காக ஆளுக்கு ஆயிரம் யென்னுக்கு மேல் கொடுப்பது வீண்.

இதனால்தான் ஒகாச்சிமாச்சியைச் சொன்னேன். அது நகை மொத்த வியாபாரப் பகுதி. இந்திய வைர, ரத்தின வியாபாரிகள் அங்கே இருப்பதால் சைவ உணவும் தென்னிந்திய உணவும் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். நகரின் கிழக்கு ஓரத்தில் உள்ள நிஷி கசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய, மளிகைக் கடைகளும் உண்டு. ஆனால் அங்கிருந்து நகருக்குள் வரும் தோசாய் பாதை காலையில் பிதுங்கி வழியும். ஊர் சுற்ற வந்தவர்கள் அங்கே தங்க வேண்டியதில்லை.

கேள்வி: விமானம் இரவு பதினொன்றுக்கு இறங்குகிறது. அந்நேரம் நகருக்குள் போக முடியுமா?

பதில்: எந்த விமான நிலையம் என்பதைப் பொறுத்தது. நரிட்டா நகரிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி. குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வருவதற்குள் கடைசி ரயில் போயிருக்கும். டாக்ஸிக்கு 20,000 யென்னுக்கு மேல், இரவு 10 முதல் காலை 5 வரை இரவுக் கட்டணம் வேறு. அன்றிரவு நரிட்டாவிலேயே தங்குங்கள். ஹனேடா என்றால் அவசரப்பட்டு ஓடினால் கடைசி ரயில் கிடைக்கலாம், தவறினாலும் டாக்ஸி கட்டுப்படியாகும். மூன்றாம் முனையத்தோடு இணைந்தே ஹோட்டல்களும் இருக்கின்றன. எப்படியானாலும், வரும் நேரத்தை ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். சொன்ன நேரத்துக்கு வராத பதிவை ரத்து செய்யும் ஹோட்டல்களும் உண்டு.

கேள்வி: மாணவன் அக்கா, பட்ஜெட் ரொம்பக் கம்மி. கேப்சூல் நல்லதா, வாடகை வீடு நல்லதா?

பதில்: தம்பி, மூன்று இரவுக்குள் என்றால் கேப்சூல், அதாவது ஓர் ஆள் படுக்கும் அளவுப் பெட்டிகளை அடுக்கிய விடுதி. படுக்கைப் பெட்டியின் வாய்க்குத் திரைதான், பூட்டு கிடையாது. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் லாக்கரில் வை. பெரிய சூட்கேஸ் லாக்கருக்குள் போகாது. பல இடங்களில் தினமும் காலையில் காலி செய்துவிட்டு மறுபடி பதிய வேண்டும். வாடகை வீடு என்றால் பதிவு எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பார். 2018இல் அமலுக்கு வந்த சட்டப்படி வீட்டைப் பதிவு செய்யாமல் வாடகைக்கு விடக் கூடாது, பதிந்தாலும் ஆண்டுக்கு 180 நாள்தான். எண் இல்லாத வீட்டை எடுக்காதே.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. அறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குளியலறையை. தொட்டி, கழிப்பறை, கைகழுவும் தொட்டி எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கூடாக அமைந்த யூனிட் பாத் தான் சாதாரண ஹோட்டல்களில். வாசலில் ஒரு படி ஏறி, பிறகு முழங்கால் உயரத் தொட்டி விளிம்பைத் தாண்டித்தான் குளிக்க வேண்டும். "ஷவர் மட்டும்" உள்ள அறையோ, தடையில்லா அறையோ இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் பீச்சும் மின் இருக்கை அநேகமாக எங்கும் உண்டு, அந்தக் கவலை வேண்டாம்.

பதிவுக்கு முன் நிலைய வரைபடத்தில் லிஃப்ட் உள்ள வாசல் எது என்று தேடுங்கள். ஹோட்டலுக்கு மிக அருகிலுள்ள வாசலில் படிக்கட்டு மட்டுமே இருப்பது சகஜம். புகை பிடிக்கும் அறைகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன, மலிவாகத் தெரிந்தால் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் போனால் இன்னொன்றும் கேளுங்கள்: ஏசியை அறையிலேயே குளிர், சூடு என மாற்ற முடியுமா? கட்டடம் முழுவதற்கும் ஒரே குழாய் அமைப்பு என்றால் அவர்கள் வைத்ததுதான். சன்னலும் விரற்கடை அளவே திறக்கும்.