12 பேர் லீக், முதல் பிக் எனக்கு: யோகிச்சா, வெம்பன்யாமாவா?

"ஃபேன்டசி பேஸ்கட்பாலில் முதல் தடவையாக எனக்கு ஒன்றாம் நம்பர் பிக் விழுந்திருக்கிறது. 12 பேர், 9 கேட்டகரி, ஸ்நேக் டிராஃப்ட். யாரை எடுக்க?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புதியவர்களுக்கு: அமெரிக்க என்பிஏ லீக்கின் நிஜ ஆட்டக்காரர்களை நம் டீமுக்கு எடுத்து, களத்தில் அவர்கள் குவிக்கும் எண்களை வைத்து நாம் மோதுவதுதான் ஃபேன்டசி. ஆட்களை முறைவைத்து எடுப்பது டிராஃப்ட், ஒரு முறை எடுப்பது பிக். பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், பிளாக் என்று ஒன்பது கணக்கில் யார் முன்னால் என்று பார்ப்பது 9 கேட்டகரி.

டென்வர் டீமின் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) நிகோலா யோகிச்சை எடுங்கள் தம்பி. 2025–26 சீசனுக்கு என் பதில் இதுதான்.

போன வருஷம் நான் வேறு ஆளை எடுத்தேன். பாளையங்கோட்டையில் ஒன்றாகப் பள்ளி டீமில் ஆடிய நாங்கள் இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். எங்களைத் தினமும் பேச வைப்பது இந்த லீக்தான். 2024 அக்டோபரில் முதல் பிக் எனக்கு. சான் அன்டோனியோ டீமின் சென்டர் விக்டர் வெம்பன்யாமா பெயரைத் தொட்டதும் "எடுத்துட்டியா லே!" என்று குரூப்பே அலறியது. ஆட்டத்துக்கு 3.8 பிளாக், அதாவது எதிராளி கூடைக்கு எறியும் பந்தைத் தடுப்பது. ஒரு சென்டர் கையிலிருந்து ஆட்டத்துக்கு மூன்று த்ரீ, தூரத்திலிருந்து போடும் மூன்று பாயின்ட் கூடை. பிளாக் கேட்டகரியை வாராவாரம் அவர் ஒருவரே ஜெயித்துக் கொடுத்தார்.

பிப்ரவரியில் ஒரு காலை, வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனைத் திறந்தேன். வலது தோளில் ரத்தக் கட்டி, இந்த சீசனில் இனி ஆடமாட்டார் என்று செய்தி. 21 வயதுப் பையன். முதலில் மனசு கிடந்து தவித்தது அவருக்காகத்தான். என் டீம் கவிழ்ந்தது அப்புறம்தான் உறைத்தது. மொத்தம் 46 ஆட்டம். மார்ச்சில் எங்கள் லீக்கின் பிளேஆஃப், அதாவது கடைசி நாக்அவுட் சுற்று, வந்தபோது அந்த இடத்தில் ஆளே இல்லை.

ஒவ்வொரு ரவுண்டிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும் ஸ்நேக் டிராஃப்டில் முதல் ஆளை எடுத்தவருக்கு அடுத்த முறை வருவது 24-ஆவதும் 25-ஆவதும். நடுவில் 22 நல்ல ஆட்கள் போய்விடுவார்கள். அதனால் முதல் பிக்கில் விழும் ஓட்டையை அடைக்கப் பின்னால் வழி கிடையாது. நான் முதலில் பார்ப்பது, ஆள் எத்தனை நாள் களத்துக்கு வருகிறார் என்பதைத்தான். 2020–21 தொடங்கி ஐந்து சீசன்களில் யோகிச் ஒருமுறைகூட 69 ஆட்டத்துக்குக் கீழே இறங்கவில்லை.

வந்து என்ன செய்கிறார் என்று கேட்டால், 2024–25-இல் ஆட்டத்துக்கு 29.6 பாயின்ட், 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட். சீசன் முழுக்கச் சராசரியிலேயே ட்ரிபிள் டபுள், அதாவது இந்த மூன்றிலும் பத்துக்குக் குறையாமல், வைத்த முதல் சென்டர் அவர். சென்டர் இடத்தில் பத்து அசிஸ்ட் தர வேறு யார் இருக்கிறார்கள்? பந்தைக் கொண்டுபோய்ப் பாஸ் தரும் கார்டுகளை எடுக்காமலே அசிஸ்டில் முன்னால் நிற்பீர்கள். ஃபீல்ட் கோல் 57 சதவீதத்துக்கு மேல், ஃப்ரீ த்ரோ 80. குறை என்றால் பிளாக். ஆட்டத்துக்கு ஒன்றுகூட வராது. அதை 24, 25-இல் ஒரு உயரமான ஆளை வைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஓக்லஹோமா சிட்டி கார்டு ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரை எடுத்தாலும் நான் தப்பு சொல்லமாட்டேன். 2024–25-இல் 76 ஆட்டம், 32.7 பாயின்ட், ஃப்ரீ த்ரோ 90-ஐத் தொடுகிறது, பந்தைத் தொலைப்பதும் குறைவு. ஆனால் நல்ல கார்டு மூன்றாம் ரவுண்டிலும் கிடைப்பார். யானிஸ் அன்டெடோகும்போ வேண்டாம், ஆட்டத்துக்குப் பத்து ஃப்ரீ த்ரோ போட்டு ஆறுதான் விழுந்தால், அந்தக் கேட்டகரியை முதல் நாளே விட்டுக்கொடுத்த மாதிரி.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. டென்வர் சொந்த ஊரில் ஆடும் ஆட்டங்கள் குளிர்காலத்தில் பெரும்பாலும் நமக்குக் காலை ஏழரை மணி வாக்கில்தான் தொடங்கும். எழுந்து, காயப் பட்டியலைப் பார்த்து, லைன்அப்பை மாற்றிவிட்டுக் குளிக்கப் போகலாம்.

அப்புறம் ஒன்று. டிராஃப்ட் வருவது ஐப்பசி மழை நேரம். போன வருஷம் எங்கள் டிராஃப்ட் நடுவில் இடி இடித்துக் கரன்ட் போனது. வைஃபையும் கூடவே போய்விட்டது. ஒருத்தனுக்கு ஆட்டோ பிக்கில், அதாவது அவனுக்குப் பதில் ஆப்பே எடுத்ததில், யாரோ விழுந்தார். அதனால் முந்தின நாளே கியூவில் யோகிச் பெயரை முதலில் போட்டு, அதற்குக் கீழே ஷே பெயரையும் போட்டுவிடுங்கள். போனில் சார்ஜும் டேட்டாவும் இருக்கட்டும்.